எல்லாப் படத்திலும் ஒரே காக்கா

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ‘அவுட்டோர் ஷூட்’ படங்களை, பெண் வீட்டாருக்குக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார் அங்கே வேலை பார்க்கும் இளைஞர். தரங்கம்பாடிக் கடற்கரை, பின்னால் டேனிஷ் கோட்டை, அதற்கும் பின்னால் துடைத்துவைத்த மாதிரி நீல வானம், காற்றில் பறக்கும் துப்பட்டா. அப்பாவுக்குத் திருப்தி. அம்மாவுக்கும் திருப்தி. பாட்டி மட்டும் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“ஏன் தம்பி, எல்லாப் படத்துலயும் மாப்பிள்ளை தலைக்கு மேல ஒரே காக்கா பறக்குதே... அது உங்க கூடவே வந்துச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். காக்காதான். அதாவது, இரண்டு இறக்கையை விரித்த மாதிரி வளைந்த ஒரு கறுப்புக் கோடு. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே வளைவு. அதற்கடுத்த படத்திலும். கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறத்தில் வட்டமாக ஏழெட்டுப் புள்ளிகள் வேறு. வானம் வருகிற 140 படங்களிலும் இதே கதை. “சரி பண்ணித் தந்துடுறேன் பாட்டி” என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். கேமரா அவருடைய சொந்தக் கேமரா. மாதத் தவணையில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. ஸ்டூடியோ அண்ணன் வெளியே போயிருந்தார். தம்பி மேஜை டிராயரைத் திறந்தார். காது குடையும் பட்ஸ் இருந்தது. மூக்குக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே இருந்தது. லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தார். சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி, அதன்மேல் நன்றாகவே தூசி தெரிந்தது. பட்ஸில் ஸ்ப்ரேயை அடித்து...

“டேய், கையை எடுடா முதல்ல!”

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிலிம் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். கோபம் அடங்கியதும் அவர் சொன்ன முதல் விஷயம், “நீ துடைக்கப் போனது அந்தக் காக்காவே இல்ல.”

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்களில் பலருக்கும் வருகிற குழப்பம் இது. லென்ஸைக் கழற்றியதும் கண்ணில் படுவது சென்சார் அல்ல. 45 டிகிரி சாய்வில் நிற்கும் கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் காட்சியை மேலே திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. படம் எடுக்கும் கணத்தில் அது மேலே மடங்கிக்கொள்ளும். பின்னாலிருக்கும் ஷட்டர் திறக்கும். அதற்கும் பின்னால்தான் சென்சார். ஆகவே கண்ணாடியில் எவ்வளவு தூசி இருந்தாலும் படத்தில் அது விழாது. அதேபோல, வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற புள்ளி பெரும்பாலும் கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஃபோகஸ் ஸ்கிரீனில் உட்கார்ந்திருக்கும். பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் அதுவும் படத்தில் வராது. வியூஃபைண்டரில் தெரியாமல், எடுத்த படத்தில் மட்டும் வருவதுதான் சென்சார் தூசி.

இதைத் தெரியாமல் கண்ணாடியைத் துடைக்கப் போனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. வீட்டு பீரோக் கண்ணாடியில் ரசப்பூச்சு பின்பக்கம் இருக்கும். முன்பக்கத்தை எப்படித் தேய்த்தாலும் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. கேமராக் கண்ணாடியில் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. பட்ஸ் வைத்து ஒரு தேய் தேய்த்தால் கோடு விழுந்துவிடும். ஃபோகஸ் ஸ்கிரீன் பிளாஸ்டிக். அது இன்னும் மோசம். இரண்டையும் காற்று ஊதுவதோடு விட்டுவிட வேண்டும்.

“பிலிம் கேமராவுல இந்தத் தொல்லையே கிடையாதேண்ணே?” என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அப்போதும் தூசி உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பிலிம் வந்து நிற்கும். ஒரு துணுக்கு விழுந்தால் அந்தப் படத்தோடு அது நகர்ந்து போய்விடும். (பிலிமை அழுத்தும் தகட்டில் மணல் மாட்டிக்கொண்டால் ரோல் முழுவதும் நீளமாகக் கோடு போடும், அது வேறு துக்கம்.) டிஜிட்டலில் பிலிம் நகர்வதில்லை. இரண்டு வருஷமாக எடுத்த படங்கள் அத்தனைக்கும் அதே ஒரு சென்சார்தான். விருந்தாளி ஒருமுறை வந்து உட்கார்ந்தால், எழுப்பி அனுப்பும் வரை எல்லாப் படத்திலும் அவர் இருப்பார்.

சரி, அதே கேமராவில் போன வாரம் மண்டபத்துக்குள் எடுத்த நிச்சயதார்த்தப் படங்களில் காக்கா ஏன் இல்லை? தம்பி அந்தப் படங்களையும் திறந்து பார்த்தார். சுத்தமாக இருந்தன. கடற்கரையில்தான் எல்லாத் தூசியும் ஏறிக்கொண்டது என்று முடிவுகட்டிவிட்டார். அதில் பாதிதான் உண்மை.

தூசி உட்காருவது சென்சார் மேலேயே அல்ல. சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி ஒட்டியிருக்கிறது, அதன் மேல்தான். அந்தக் கண்ணாடிக்கும் ஒளியை உணரும் பரப்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. படத்தில் விழுவது தூசியின் நிழல். நிழல் எப்போது பளிச்சென்று விழும்? சுவருக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நீளமான டியூப் லைட் வெளிச்சத்தில் விரல்களின் நிழல் கலங்கலாக இருக்கும். அதே இடத்தில் சின்ன டார்ச் அடித்தால் ஒவ்வொரு விரலும் வெட்டி வைத்த மாதிரி விழும். லென்ஸின் துவாரமும் அப்படித்தான். மண்டபத்தில் வெளிச்சம் போதாது என்று எஃப் 2.8-ல் அகலமாகத் திறந்து எடுத்தால், வெளிச்சம் பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். கடற்கரை வெயிலில், கோட்டையும் தெளிவாக வர வேண்டும் என்று எஃப் 16-க்குச் சுருக்கினால், துவாரம் டார்ச் போல ஆகிவிடும். மறைந்திருந்த தூசியெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதிலும் வானம், வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி மாதிரி ஒரே நிறப் பரப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பட்டுப்புடவைக் கூட்டத்தில் பத்துத் தூசி இருந்தாலும் பாட்டியின் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

அளவைச் சொன்னால் இன்னும் புரியும். தம்பியின் கேமராவில் சென்சார் ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். தபால்தலை அளவுகூட வராது. அதற்குள் 6,000-க்கு 4,000 என்று 2 கோடியே 40 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றைக் குறுக்கே வைத்தால் பதினெட்டு, இருபது பிக்சலை மறைத்துவிடும். சாதாரணத் தூசியைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை என்பதற்கு இது போதும். கேமராவையே கேட்க வேண்டும்.

அண்ணன் கேட்க வைத்தார். ஸ்டூடியோவின் வெள்ளைச் சுவர். ஐ.எஸ்.ஓ. 100. துவாரம் எஃப் 22. ஃபோகஸைக் கையால் திருப்பி, சுவர் கலங்கலாகத் தெரியும்படி வைத்தாயிற்று. ஷட்டர் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியும் கேமராவைச் சுவருக்கு எதிரே மெதுவாக ஆட்டிக்கொண்டே எடுக்கச் சொன்னார். சாதாரணமாகக் கேமராவை ஆட்டினால் திட்டுகிறவர் அவர். ஆட்டினால் சுவரின் கறையும் சொரசொரப்பும் கலைந்துபோகும். தூசி சென்சாரோடு சேர்ந்தே ஆடுவதால் அது மட்டும் கலையாமல் நிற்கும். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, கான்ட்ராஸ்டை ஏற்றி, நூறு சதவீத அளவில் மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தார்கள். காக்கா ஒன்று. வட்டப் புள்ளிகள் பதினொன்று.

காக்கா படத்தின் மேல்பக்கம், இடதில் இருந்தது. “அப்போ சென்சாரிலயும் மேல இடது பக்கம்தானே?” என்றார் தம்பி. இல்லை. லென்ஸ் காட்சியைத் தலைகீழாகத்தான் சென்சார் மேல் போடுகிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து முன்னாலிருந்து எட்டிப் பார்த்தால், படத்தில் மேலே இருக்கும் தூசி சென்சாரின் கீழ்ப்பக்கம் இருக்கும். இடது இடதாகவேதான் இருக்கும். மேல் கீழ் மட்டும் மாறும். இந்தக் கணக்குத் தப்பிப்போய், இல்லாத தூசியைத் தேய்த்துத் தேய்த்துச் சென்சாரைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

முதல் வைத்தியம் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. ஒலிம்பஸ் நிறுவனம் 2003-ல் கொண்டுவந்த இ-1 என்ற கேமராவில்தான், சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியைப் படுவேகமாக அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் ஏற்பாடு முதலில் வந்தது. 2006-ல் கேனான் 400டி-யில் அதைப் போன்றதைச் செய்தது. அதே வருஷம் சோனியும் பென்டாக்ஸும் சென்சாரையே குலுக்கும் வழியைப் பிடித்தன. நிக்கான் 2007-ல் டி300-ல் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் கைமாறும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கும். மெனுவில் சென்சார் கிளீனிங் என்று தேடினால் கிடைக்கும். கேமராவைக் கையில் வைத்துக்கொள்ளாமல், மேஜைமேல் நேராக உட்காரவைத்து இதை ஓட்ட வேண்டும். உலர்ந்த தூசி உதிரும். ஒட்டிக்கொண்ட மகரந்தம், எண்ணெய், எச்சில் துளி இதற்கெல்லாம் இந்தக் குலுக்கல் போதாது.

தம்பி இரண்டு மூன்று முறை ஓட்டினார். மறுபடி சுவர்ப் படம். பதினொரு புள்ளி ஏழாயிற்று. காக்கா அசையவில்லை.

அடுத்தது ப்ளோயர். ரப்பர் பந்து மாதிரி, அழுத்தினால் மூக்கு வழியாகக் காற்று வரும், அவ்வளவுதான். கேமராவுக்கென்று வாங்கும் பொருள்களில் இதைவிட மலிவானதும் இதைவிட உபயோகமானதும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் பை வாங்குகிறவர்கள் இதை வாங்குவதில்லை. புதிதாக வாங்கியதை உள்ளே ஊதுவதற்கு முன் வெளியே பத்துப் பதினைந்து முறை அழுத்திவிட வேண்டும். உள்ளே ரப்பர் தூள் இருக்கலாம். நேரே அதைச் சென்சாருக்குப் பரிமாறக் கூடாது.

அண்ணன் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார்கள். பேட்டரி முழுதாக ஏற்றியதா என்று பார்த்துக்கொண்டார். இது முக்கியம். சென்சாரைச் சுத்தம் செய்ய, மெனுவில் கண்ணாடியை மேலே நிறுத்தி வைக்கும் வசதி தனியாக இருக்கிறது. பேட்டரி பாதியில் தீர்ந்தால் கண்ணாடியும் ஷட்டரும் உள்ளே இருப்பதன் மேலேயே மூடிக்கொள்ளும். சிலர் மெனுவைத் தேடச் சோம்பல்பட்டு, ‘பல்ப்’ என்ற நிலையில் வைத்து ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊதுவார்கள். விரல் வழுக்கினால் போச்சு. அதோடு, அந்த நிலையில் சென்சார் வேலை செய்துகொண்டிருக்கும். தூசியை இன்னும் இழுக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து மேலாக ஊதினார் தம்பி. விழுவது கீழே விழ வேண்டும், அதற்குத்தான் இந்த சர்க்கஸ். ப்ளோயரின் மூக்கு லென்ஸ் மாட்டும் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. ஐந்தாறு ஊதல்.

வாயால் ஊதக் கூடாதா என்று கேட்டால், கூடவே கூடாது. காற்றோடு எச்சில் துளியும் போகும். தூசியாவது உதிரும், எச்சில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிக்கும் டப்பாக் காற்றும் வேண்டாம். டப்பாவைக் கொஞ்சம் சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவமே பீய்ச்சிக்கொண்டு வந்து கண்ணாடியில் உறைந்து கறையாகிவிடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை என்றுதான் தோன்றும். சொல்ல வேண்டியிருக்கிறது, அதையும் பிடித்து அடித்தவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி சுவர்ப் படம். காக்கா போயே போய்விட்டது. ஏழு புள்ளி இரண்டாகியிருந்தது. இரண்டும் ஓரத்தில், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையம். உலர் தூசி அல்ல, எதோ பிசுபிசுப்பு.

“இது எப்படிண்ணே உள்ள வந்துச்சு? நான் எதுவும் விடலயே” என்றார் தம்பி. அண்ணனுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. தூசி எப்போதும் வெளியே இருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

2012 செப்டம்பரில் நிக்கான் டி600 என்ற கேமரா வந்தது. 35 மி.மீ. பிலிம் அளவுக்கே சென்சார், 24 மெகாபிக்சல். அந்தப் பெரிய சென்சாருக்கு அதற்கு முன்னால் கேட்ட விலையைவிடக் குறைந்த விலை. கையில் காசு சேர்த்துக் காத்திருந்தவர்கள் பாய்ந்து வாங்கினார்கள். சில வாரங்களிலேயே புகார் கிளம்பியது. படத்தின் மேல் இடது பக்கத்தில் புள்ளிகள். துடைத்தால் போகிறது, சில நூறு படங்கள் எடுத்ததும் திரும்ப வருகிறது. லென்ஸைக் கழற்றவே கழற்றாதவர்களுக்கும் வந்தது. ஒருவர் கேமராவை ஒரே இடத்தில் வைத்து ஆயிரம் படம் எடுத்து, அவற்றை சினிமா மாதிரி ஓட்டிக் காட்டினார். புள்ளிகள் மழைத்தூறல் போல ஒவ்வொன்றாக வந்து விழுவதை உலகமே பார்த்தது. அழுக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது, ஷட்டர் பகுதியிலிருந்து தெறிக்கிறது என்று உபயோகிப்பவர்கள் பேசிக்கொண்டார்கள்.

2013 பிப்ரவரியில் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: படங்களில் கறுப்புப் புள்ளிகள் வருவதாகச் சிலர் சொல்கிறார்கள், முதலில் கையேட்டில் சொன்னபடி ப்ளோயரால் ஊதிப் பாருங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாருங்கள் என்று. அந்த அக்டோபரிலேயே டி610 வந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே கேமராதான். ஷட்டர் மட்டும் புதிது. டி600 வாங்கியவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! அது தவணை கட்டி முடிக்காதவர்களுக்குத்தான் தெரியும். 2014 பிப்ரவரியில், வாரன்டி முடிந்திருந்தாலும் பரவாயில்லை, ஷட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். மார்ச் 15, உலக நுகர்வோர் தினம். அன்றைக்குச் சீன அரசுத் தொலைக்காட்சி, நுகர்வோர் புகார்களுக்காக நடத்தும் தன் நிகழ்ச்சியில் இந்தக் கேமராவைக் காட்டியது. அடுத்த நாளே ஷாங்காய் அதிகாரிகள் டி600 விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள். மில்லிமீட்டரில் சொல்லவே முடியாத அளவுப் புள்ளி ஒன்று, ஒரு கேமராவையே கடையிலிருந்து இறக்கிவிட்டது.

செகண்ட் ஹேண்டில் டி600 மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், ஷட்டர் மாற்றியதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றியிருந்தால் அருமையான கேமரா. எந்தக் கேமராவாக இருந்தாலும் சரி, பணத்தை நீட்டும் முன் கடைக்காரரின் வெள்ளைச் சுவரில் எஃப் 22-ல் ஒரு படம் எடுத்துப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. புள்ளி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. எத்தனை தரம் ஊதினாலும், துடைத்தாலும் அதே இடத்தில் நேர்கோடாக ஒன்று நின்றால், அது கீறல். விலையைப் பேச வேண்டியதில்லை, கேமராவையே கடையில் விட்டுவிட்டு வந்துவிடலாம்.

தம்பியின் கேமராவில் மிச்சமிருந்த இரண்டு புள்ளிகளுக்கு வருவோம். ஊதலுக்கு அசையாததை ஈரத்தால்தான் எடுக்க வேண்டும். அதற்கென்றே துடைப்பான்கள் விற்கிறார்கள். சென்சாரின் உயரத்துக்குச் சரியாக, சின்னச் சென்சாருக்கு 16 மி.மீ., பெரிய சென்சாருக்கு 24 மி.மீ. என்று. கூடவே மெத்தனால் கலந்த துடைப்புத் திரவம். இரண்டே சொட்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, அத்துடன் அந்தத் துடைப்பானைக் குப்பையில் போட வேண்டும். காசு போகிறதே என்று இரண்டாம் முறை அதையே எடுத்தால், முதல் இழுப்பில் ஒட்டிய மணலை வைத்து இரண்டாம் இழுப்பில் கோலம் போட்டதாகிவிடும். ஈரத்துக்கு முன்னால் ஊதியே ஆக வேண்டும் என்பதும் அதற்காகத்தான். மெத்தனால் விஷம், தீப்பிடிக்கக் கூடியதும்கூட. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சின்ன பாட்டிலைக் கேமராப் பையில் போட்டு வைப்பது ஆபத்து.

பட்ஸ், சானிடைசர், பனியன் துணி, மூக்குக் கண்ணாடி ஸ்ப்ரே எதுவும் இதற்கு மாற்று ஆகாது. கை நடுங்குகிறவர்களும், வேலையை முதன்முறை செய்கிறவர்களும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுவது உத்தமம். கேமரா நிறுவனங்களின் கையேடுகளும் அதைத்தான் சொல்கின்றன.

அண்ணனிடம் துடைப்பானும் இருந்தது, திரவமும் இருந்தது. தம்பி ஆவலோடு பார்த்தார். அண்ணன் டிராயரை மூடினார்.

“ஞாயித்துக்கிழமை எங்க எடுக்கப்போற? மண்டபத்துக்குள்ள. எஃப் ரெண்டு புள்ளி எட்டு, மிஞ்சிப்போனா நாலு. இந்த ரெண்டும் தெரியவே தெரியாது. இப்போ துடைக்கிறேன்னு இறங்கி, ரெண்டு நாலாகி, நாலு கீறலாச்சுன்னா முகூர்த்தத்துக்கு எதை எடுத்துட்டுப் போவே? திங்கக்கிழமை பார்த்துக்கலாம், வெச்சிடு.”

கையில் மருந்து இருக்கும்போது கொடுக்காமல் இருப்பது கஷ்டம். தம்பி மனசில்லாமல் லென்ஸை மாட்டினார்.

மிச்சம் அந்த 140 படங்கள். தூசி ஒரே இடத்தில் இருப்பதில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. லைட்ரூம் போன்ற மென்பொருளில் ஒரு படத்தில் அதைச் சரிசெய்துவிட்டு, அந்தத் திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் மொத்தமாக ஒட்டிவிடலாம். படத்தைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரம் போல மாற்றி, ஒளிந்திருக்கும் புள்ளிகளைக் காட்டித் தரும் வசதியும் 2013 முதல் அதில் இருக்கிறது. தம்பி ஒரே சொடுக்கில் எல்லாவற்றுக்கும் ஒட்டினார். பிறகு அண்ணன் சொன்னபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நல்லவேளை பார்த்தார். பதினேழாவது படத்தில் காக்கா இருந்த இடத்தில் வானம் இல்லை. கோட்டைக்குப் பக்கத்திலிருந்து கேமராவைத் திருப்பி எடுத்ததில் அங்கே பெண்ணின் நெற்றி. மென்பொருள் மிகுந்த அக்கறையோடு நெற்றிச்சுட்டியில் பாதியை அழித்துவிட்டிருந்தது. காக்காவை மன்னிக்கிற பாட்டி இதை மன்னித்திருப்பாரா என்பது சந்தேகம்.

ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்தது. அப்போதுதான் அண்ணன் கேட்டார்.

“லென்ஸ் மாத்தும்போது மூடியை எங்க வெச்சுக்குவே?”

“சட்டைப் பைலண்ணே.”

அண்ணன் அந்தச் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். மூலையில் பஞ்சு, நூல், பஸ் டிக்கெட் துணுக்கு. லென்ஸின் பின்மூடியும் கேமராவின் வாய்மூடியும் அந்தப் பைக்குள் போய் நூலைச் சேகரித்து வந்திருக்கின்றன. மூடிய பிறகு பையில் கிடந்து குலுங்கும்போது உள்ளே உதிர்த்திருக்கின்றன. கடற்கரையில் ஆறு முறை லென்ஸ் மாற்றியிருக்கிறார். மணல்தான் குற்றவாளி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வளைந்த அந்த நூல், மாப்பிள்ளை தலைக்கு மேல் பறந்த அந்தக் காக்கா, தம்பியின் சட்டையில் பிறந்தது.

மூடிகளைக் கழற்றியதும் இரண்டையும் ஒன்றோடொன்று முகம் பார்க்கத் திருகி மாட்டி வைத்துவிட்டால் உள்பக்கம் சுத்தமாகவே இருக்கும். மாதம் ஒருமுறை மூடிகளையும் கழுவிக் காயவைக்கலாம். கேமராப் பையைக் கவிழ்த்துத் தட்டலாம். பையில் ஈரம் தங்காமல் இருக்க சிலிகா ஜெல் போட வேண்டுமே தவிர, கேமராவை அரிசி டப்பாவில் புதைக்கிற வழக்கம் நல்லதல்ல. அரிசித் தவிடும் மாவும் கேமராவுக்குள் போகும். நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ்கள் சைக்கிள் பம்ப் மாதிரி காற்றை உள்ளே இழுக்கும். லென்ஸே மாற்றாதவர்களுக்கும் தூசி வருவதற்கு அது ஒரு காரணம். கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்பதும் இல்லை. அதில் லென்ஸைக் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் நேரடியாக வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். 2018-ல் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். ஆர் கேமராவில், ஆஃப் செய்ததும் ஷட்டர் தானாக மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். நல்ல யோசனை, ஆனால் அந்த மெல்லிய ஷட்டரில் விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம். ஹோமப் புகை எழுந்து மேடை முழுவதும் சாம்பல் துகள் மிதந்தது. அட்சதை எப்போது பறக்கும் என்று சொல்ல முடியாது. தம்பி அன்றைக்கு லென்ஸை மூன்றே முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் மணவறையை விட்டு இறங்கி, மின்விசிறிக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவை ஆஃப் செய்து, மாட்ட வேண்டிய லென்ஸின் மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொண்டு, கேமராவின் வாயைத் தரைப்பக்கம் திருப்பி, இரண்டு விநாடியில் மாற்றினார். மூடிகள் சட்டைப் பைக்குப் போகவில்லை.

தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாத வரிசை ஆரம்பித்தது. பாட்டி மெல்ல நடந்து வந்து, கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தார்.

“காக்கா வந்திருக்கா தம்பி?”

“இல்ல பாட்டி. இன்னைக்கு வரல.”

“வரட்டும் வரட்டும். முதல் பந்தி போட்டாச்சு, அதுக்கும் ரெண்டு பருக்கை வெச்சிட்டுத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு, பாட்டி குரூப் போட்டோவுக்குப் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார். தம்பி ஃபோகஸ் செய்தார். எஃப் 4.